மேட்ச் நாள் இனிப்புகள்: டாஸ் போடுவதற்குள் அடுப்பை அணைத்துவிடலாம்

ஐபிஎல் மாலை ஆட்டம் 7.30 மணிக்கு. டாஸ் 7 மணிக்கு. "நாங்க நாலு பேர்தான் வர்றோம்" என்ற சித்தப்பா வீட்டிலிருந்து எட்டுப் பேர் வந்து இறங்குவது 7.10-க்கு. அந்த நேரத்தில் அடுப்படியில் நின்று குலாப் ஜாமூன் பொரித்துக்கொண்டிருந்தால், பவர்பிளே ஆறு ஓவரும் ஹாலில் இருந்து வரும் கூச்சலாக மட்டும்தான் காதில் விழும். வீட்டில் சமைப்பவருக்கும் முதல் பந்திலிருந்து உட்கார்ந்து பார்க்க உரிமை உண்டு. ஆகவே மேட்ச் நாள் இனிப்பை ருசியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏழு மணிக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஸ்பூன், கிண்ணம் கேட்காமல் கையால் எடுத்து வாயில் போடும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் சாப்பிடுபவரின் கண் தட்டில் இருக்காது. வெளியே வைத்தாலும் உருகக் கூடாது. 2023 இறுதிப் போட்டி மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், சென்னை ஜெயித்தபோது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அதுவரை தாங்குகிற இனிப்பு வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பொருந்துகிற மூன்று இனிப்புகள் கீழே இருக்கின்றன. அளவுகள் பத்துப் பேருக்கு. ஓவன் வேண்டாம், முதல்முறை சமைப்பவரும் செய்யலாம்.

மாம்பழக் கடல்பாசித் துண்டுகள்

மேசைக்கு நடுவில் வைக்க வேண்டியது இதுதான். ஐபிஎல் நடக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் பங்கனப்பள்ளி கடைக்கு வரும் காலம். சென்னை ரசிகர்கள் வீட்டுக்கு மஞ்சள் நிறம் தானாகவே வந்துவிடும், ஃபுட் கலர் தேவையே இல்லை.

கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் முஸ்லிம் வீடுகளில் வைக்கும் அதே கடல்பாசிதான். ஜெலட்டின் வாங்காதீர்கள். ஜெலட்டின் 35 டிகிரி வெப்பத்துக்குள்ளேயே உருகிவிடும், மே மாத ஹாலில் அரை மணி நேரம் தாங்காது. கடல்பாசி ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். தவிர, ஜெலட்டின் மிருகத்திலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடும் அத்தை பாதித் துண்டைக் கடித்த பிறகு "இதுல என்ன போட்டிருக்கே?" என்று கேட்கும் நிலை வேண்டாம்.

தேவையானவை: சைனா கிராஸ் இழை 10 கிராம், தண்ணீர் 250 மில்லி, கொழுப்பெடுக்காத பால் 400 மில்லி, சர்க்கரை 100 கிராம், மாம்பழ விழுது 250 மில்லி (நடுத்தரப் பழம் இரண்டு), உப்பு ஒரு சிட்டிகை. 20 செ.மீ. சதுரத் தட்டு ஒன்று. பவுடராக வாங்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள், அளவு மாறும்.

1. இழைகளைக் கத்தரிக்கோலால் விரல் கணு நீளத்துக்கு வெட்டி, 250 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறாததைக் கொதிக்கவிட்டால், கரைவதற்குள் தண்ணீர் பாதியாகிவிடும்.

2. மாம்பழத்தைத் தண்ணீர் சேர்க்காமல் மிக்ஸியில் அரைத்து வடிகட்டுங்கள். வாயில் வைத்துப் பாருங்கள். புளிப்பு தெரிந்தால் அந்தப் பழம் வேண்டாம், ஊறுகாய் போடுபவரிடம் கொடுத்துவிடுங்கள். விழுது ஃப்ரிட்ஜில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

3. ஊறிய இழையை அதே தண்ணீரோடு மிதமான தீயில் வைத்துக் கிளறுங்கள். எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். கரண்டியில் மொண்டு வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி ஒன்றிரண்டு தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். அவசரப்பட்டு இங்கே இறக்குகிறவர்கள்தான் பிறகு "ஏன் உறையவே இல்லை" என்று கேட்கிறார்கள்.

4. பக்கத்து அடுப்பில் பாலையும் சர்க்கரையையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். கரைந்த கடல்பாசியை வடிகட்டி, சூடான பாலில் ஊற்றி ஒரு நிமிடம் கிளறி அடுப்பை அணையுங்கள். பால் ஆறியிருந்தால் கடல்பாசி விழுந்த இடத்திலேயே திப்பித்திப்பியாகக் கட்டிக்கொள்ளும்.

5. நான்கைந்து நிமிடம் ஆறவிட்டு, மாம்பழ விழுதையும் உப்பையும் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். அடுப்பில் இருக்கும்போது சேர்த்தால் பழத்தின் புளிப்புக்குக் கொதிக்கிற பால் திரிந்துவிடும். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் கடல்பாசியின் உறையும் சக்தியும் குறையும். இப்போது ருசி பாருங்கள், கொஞ்சம் தூக்கலாக இனிக்க வேண்டும். குளிர்ந்த பிறகு இனிப்பு மட்டாகத்தான் தெரியும்.

6. தட்டைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு ஊற்றுங்கள். மேலே நிற்கும் நுரையை ஸ்பூனால் எடுத்துவிடுங்கள். வெளியிலேயே முக்கால் மணி நேரத்தில் உறைந்துவிடும். சூடு முழுக்கப் போன பிறகு மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். சூடாக மூடினால் மூடியில் வியர்த்த தண்ணீர் சொட்டி, மேல்பரப்பு குழிகுழியாகிவிடும்.

இன்னொரு விதமான குழியும் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஃப்ரிட்ஜைத் திறந்து, "செட் ஆயிடுச்சா?" என்று விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். சின்னவன் முதல் ஆள், அப்பா இரண்டாவது ஆள். திட்டிப் பயனில்லை. ஊற்றும்போதே ஒரு சின்ன டம்ளரில் தனியாகக் கொஞ்சம் ஊற்றி, தட்டுக்கு முன்னால் வைத்துவிடுங்கள். அது அமுக்கிப் பார்ப்பதற்கென்றே. தட்டு தப்பித்துவிடும், உறைந்துவிட்டதா என்று உங்களுக்கும் தெரியும்.

ஐந்துக்கு ஐந்தாக வெட்டினால் 25 துண்டு. கத்தியை ஒவ்வொரு கோட்டுக்கும் தண்ணீரில் நனைத்து வெட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியப்பா "ஒரே ஒரு பீஸ்" என்று சொல்லி ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஒன்று எடுப்பார் என்றால், தட்டில் ஒரு வரிசையை மட்டும் பாதிப் பாதியாக வெட்டி அவர் பக்கம் திருப்பி வையுங்கள். வறுத்த வெறும் கடலை ஒரு கிண்ணமும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் தளதளவென்றே இருக்கிறதா? மூன்று கிராம் இழையை ஊறவைத்து 75 மில்லி தண்ணீரில் முழுதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய கலவையைக் கொதிக்கவிடாமல் சிறு தீயில் இளக்கி, இரண்டையும் கலந்து மறுபடி ஊற்றுங்கள். நேரமில்லை என்றால் சின்னக் கப்புகளில் ஊற்றி மாம்பழப் புட்டிங் என்று கொடுத்துவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டு மாப்பிள்ளை மும்பை ரசிகராக இருந்தால் அவருக்கும் ஒரு மரியாதை செய்யலாம். பத்து நீலச் சங்குப்பூவின் காம்பையும் பச்சை இதழ்களையும் நீக்கிவிட்டு, 150 மில்லி கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு வடிகட்டினால் நல்ல நீலம் இறங்கும். அதில் இரண்டு கிராம் சைனா கிராஸும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கரைத்து, தனிக் கிண்ணத்தில் உறையவிடுங்கள். எலுமிச்சை மட்டும் பிழியாதீர்கள். புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாகிவிடும், ஊதா கொல்கத்தா அணியின் நிறம்.

கடலை மிட்டாய்

இதை முதல் நாள் மாலையே செய்து வைக்கலாம். கடைசி நான்கு ஓவரில் எல்லோருக்கும் எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு இதைவிட நல்லது இல்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயின் பக்குவம் வீட்டில் முதல் தடவையே வந்துவிடாது. ஆனால் பாகு பதம் ஒன்றைப் பிடித்துவிட்டால் முக்கால் கிணறு தாண்டிய மாதிரி.

பச்சை வேர்க்கடலை 250 கிராம், பாகு வெல்லம் 200 கிராம், தண்ணீர் 50 மில்லி, நெய் ஒரு டீஸ்பூன், ஏலக்காய்த் தூள் கொஞ்சம்.

கடலையைச் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வறுங்கள். தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சை வாடை அப்படியே இருக்கும். ஆறியதும் துணியில் போட்டுத் தேய்த்துத் தோலைப் புடைத்து, இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். புடைப்பதை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ செய்யுங்கள். ஹாலில் ஃபேனுக்கு அடியில் புடைத்தால் மேட்ச் நாளன்றும் சோபாவுக்கு அடியிலிருந்து தோல் வந்துகொண்டிருக்கும்.

பாகு வைப்பதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டு, பூரிக்கட்டை, கத்தி மூன்றுக்கும் நெய் தடவுங்கள். உடைத்த கடலையை வெறும் கடாயில் ஒரு நிமிடம் புரட்டி வெதுவெதுப்பாக்குங்கள். ஆறிப்போன கடலையில் பாகு பட்டால் கிளறுவதற்குள் இறுகிவிடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். நெய் சேர்த்து மிதமான தீயில் கொதிக்கவிடுங்கள். நுரை பொங்கி அடங்கி, குமிழிகள் கெட்டியானதும் தீயைக் குறைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். முதலில் கரையும். பிறகு மெத்தென்று உருட்ட வரும், அது அதிரசத்துக்குக் கிட்டத்தில் உள்ள பதம், இதற்குப் போதாது. இன்னும் காய்ந்த பிறகு வரும் உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும், வளைத்தால் வளையாமல் 'டக்' என்று உடைய வேண்டும். அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிடுங்கள். இன்னும் அரை நிமிடம் விட்டால் கசப்பு ஏறிவிடும். ஃபோன் வந்தால் எடுக்காதீர்கள். யாராவது "டீ இருக்கா?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.

கடலையும் ஏலக்காயும் கொட்டி நாலு கிளறு. தட்டில் சாய்த்துப் பூரிக்கட்டையால் அரை அங்குல கனத்துக்கு உருட்டி, சூடாக இருக்கும்போதே கோடு போடுங்கள். கால் மணி நேரத்தில் உடைத்தால் கோட்டோடு உடையும்.

மிட்டாய் பல்லில் ஒட்டி இழுத்தால் பாகு முன்பே இறக்கப்பட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் கடாயில் போட்டுச் சிறு தீயில் இளக்கி, இரண்டு மூன்று நிமிடம் காய்ச்சி மறுபடி ஊற்றலாம். கடலை கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். காலையில் மொறுமொறுப்பாக இருந்தது மாலையில் பிசுபிசுக்கிறது என்றால் காற்றிலுள்ள ஈரத்தை வெல்லம் இழுத்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் இது நிச்சயம் நடக்கும். ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவுக்குள் போக வேண்டும்.

பல் செட் வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு இதைக் கொடுக்காதீர்கள். வறுத்த கடலை 100 கிராம், பொடித்த வெல்லம் 60 கிராம் இரண்டையும் மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று சுற்றினால், கடலையில் உள்ள எண்ணெய் கசிந்து உருட்டப் பக்குவமாக வரும். பாகே வேண்டாம், மெத்தென்ற உருண்டை. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து களியாகிவிடும். தாத்தாவுக்கு அவர் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தோனி விளையாடும்போது அவர் எழுந்தால் விக்கெட் விழும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்புவார்கள், அவரையும் சேர்த்து.

பிஸ்கட் உருண்டை

இது பிள்ளைகள் வேலை. மாலை நாலு மணிக்கு அவர்களிடம் விட்டுவிடலாம். மாரி பிஸ்கட் 200 கிராம், கோகோ பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், மில்க்மெய்டு 150 கிராம். பிஸ்கட்டை நைஸாகப் பொடித்து எல்லாவற்றையும் பிசைந்து பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். பிசைந்த உடனே கையில் ஒட்டும், பயந்துபோய் இன்னும் பிஸ்கட் போடுவார்கள், பிறகு உருண்டை வறண்டு விரியும். அந்தப் பத்து நிமிடத்தில் பிஸ்கட் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானாகவே இறுகும். பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டினால் இருபது வரும், உலர்ந்த தேங்காய்த் தூளில் புரட்டி வையுங்கள். பச்சைத் தேங்காய்த் துருவல் கூடாது, வெளியே வைத்தால் இரவுக்குள் வாடை வந்துவிடும். உருட்டியவர்களின் வயிற்றில் நான்கு போகும் என்று முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எது

கடலை மிட்டாய் முதல் நாள். கடல்பாசி அன்று காலை பதினோரு மணிக்குள். அதற்கு முந்தின நாளே செய்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு தட்டில் மிதக்கும். 6.30 மணிக்குத் துண்டு போட்டு, தட்டில் அடுக்கி, அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட் இரண்டரை நிமிடம்தான், அடுக்கிய தட்டை எடுத்து வரப் போதும், வெட்டுவதற்குப் போதாது.

ஆட்டம் தொடங்கும்போது பிஸ்கட் உருண்டை மட்டும் வெளியே இருக்கட்டும். பிள்ளைகள் அதைத் தேடித்தான் முதலில் வருவார்கள். இன்னிங்ஸ் இடைவேளையில் மாம்பழம், அப்போதுதான் எல்லோரும் எழுந்து நின்று பேசுவார்கள், கையில் பிடிக்கக் குளிர்ச்சியாக ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும். சேஸிங்கில் பதினாறாவது ஓவர் முடிந்ததும் மிட்டாய் டப்பாவைத் திறந்து சுற்றுக்கு விடுங்கள்.

மீதி வந்த கடல்பாசித் துண்டுகளை மறுநாள் குளிர்ந்த பாலோடு மிக்ஸியில் அடித்தால் கெட்டியான மாம்பழ மில்க் ஷேக். ஒரு டம்ளருக்கு நாலு துண்டு, 150 மில்லி பால், சர்க்கரை வேண்டாம்.