எக்ஸ் பெர்சியின் வாயுத் தட்டை மடிக்கணினியில் அளப்பது எப்படி?

எக்ஸ் பெர்சி, வேகமாகச் சுழலும் சூடான பி-இ வகை (நிறமாலையில் உமிழ்வுக் கோடு காட்டும்) விண்மீன். தான் உதறிய வாயுவையே இடுப்பைச் சுற்றித் தட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. கூடவே ஒரு நியூட்ரான் விண்மீன் (வெடித்த பெரிய விண்மீனின் அடர்ந்த எச்சம்), சுமார் 250 நாளுக்கு ஒரு சுற்று. அதன் ஈர்ப்பு தட்டின் விளிம்பை வளரவிடாமல் நறுக்கும். அந்த ஈர்ப்பில் சிக்கும் வாயு நியூட்ரான் விண்மீன் மேல் விழும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். இத்தகைய ஜோடிகளில் சுற்றுக்காலம் குறையக் குறைய எச்-ஆல்ஃபா கோட்டின் (தட்டின் ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளி; தட்டு பெரிதானால் வலுக்கும்) அதிகபட்ச வலிமையும் குறைகிறது என்று 1997இல் ரெய்க் குழுவினர் காட்டினார்கள்.

படி 1: பாரிஸ் வானாய்வகத்தின் பெஸ் (பி-இ விண்மீன்களின் நிறமாலைத் தொகுப்பு) தரவுத்தளத்தில் எச்-ஆல்ஃபா நிறமாலைகளை (ஃபிட்ஸ் கோப்புகள்) இறக்குங்கள். பெரும்பாலும் அமெச்சூர்கள் எடுத்தவை. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 2: பைத்தானில் திறந்து வரையுங்கள். தனி மென்பொருள் வேண்டாம். ஃபிட்ஸைத் திறக்க ஆஸ்ட்ரோபை, கணக்குக்கு நம்பை, வரைய மேட்பிளாட்லிப் ஆகிய பைத்தான் தொகுப்புகள் இருந்தால், நடப்பது கண்ணெதிரே தெரியும்.

படி 3: பின்னணியை (கோட்டுக்கு வெளியே உள்ள தொடர் ஒளியை) 1 ஆக்குதல். இங்கேதான் என் இரண்டு வார இறுதிகள் போயின. கோட்டையும் சேர்த்து ஐந்தாம் படி வளைவு ஒன்றைப் பொருத்தியிருந்தேன். எச்-ஆல்ஃபாவின் இறக்கைகள் நாம் நினைப்பதைவிட அகலம். வளைவு அவற்றையும் பின்னணியாக எடுத்துக்கொண்டது. கோடு மெலிந்ததும் நியூட்ரான் விண்மீன் தட்டைத் தின்றுவிட்டது என்று குதித்தேன். தின்றது என் நிரல்! எச்-ஆல்ஃபாவின் அலைநீளமான 6562.8 ஆங்ஸ்ட்ராமுக்கு இருபுறமும் 30 ஆங்ஸ்ட்ராம் மறைத்துவிட்டு, மிச்சத்தில் நேர்கோடு மட்டும் பொருத்துங்கள். நம் வளிமண்டல நீராவியின் ஊசிக் கோடுகளையும் விலக்குங்கள்.

படி 4: 1லிருந்து பாய்வை (பின்னணி 1 ஆன பிறகு உள்ள ஒளியளவை) கழித்து, அலைநீளப் படியால் பெருக்கி, கோடு நெடுகக் கூட்டினால் சமான அகலம், அதாவது கோட்டின் வலிமை. உமிழ்வுக்கு மைனஸில் வரும், பயப்படாதீர்கள்.

படி 5: கோடு இரட்டை முகடாகத் தெரியும் இரவுகளில், முகடுகளின் அலைநீள இடைவெளியை டாப்ளர் விதிப்படி நொடிக்கு இத்தனை கி.மீ. என்ற வேக அளவாக்குங்கள். விண்மீனின் சுழற்சி வேகத்தை (நம் பார்வைக் கோட்டில் தெரிவது, நொடிக்குச் சுமார் 215 கி.மீ.) இரட்டித்து, அந்த இடைவெளியால் வகுத்து, வர்க்கமாக்குங்கள். இடைவெளி நொடிக்கு 150 கி.மீ. என்றால் தட்டின் ஆரம் விண்மீனின் ஆரத்தைப் போல் ஏறக்குறைய 8 மடங்கு. ஒற்றை முகடு என்றால் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும் இடையே கோடு நொடிக்கு 50 கி.மீ.க்கு மேல் நகர்ந்ததாகவும், நியூட்ரான் விண்மீன் இழுக்கிறதா என்றும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது நம் பூமி சூரியனைச் சுற்றும் வேகம். முகட்டு இடைவெளி இதனால் மாறாது. இரவுகளை ஒப்பிடும்போதுதான் இடிக்கும். சூரியமையத் திருத்தம் (பூமியின் வேகத்தை நீக்குவது) ஏற்கெனவே செய்திருக்கிறதா என்று கோப்பின் தலைப்பகுதியில் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். அவர் இரண்டாம் முறையும் திருத்தி, கோட்டை எதிர்த்திசையில் ஓடவிட்டுவிட்டார்.