நாடகப் போட்டிக்குப் பிரதி அனுப்புவது எப்படி? முதல்முறை அனுப்புகிறவர்களுக்கு

நாடகத்தை எழுதி முடித்துவிட்டீர்கள், அல்லது முடிக்கும் தறுவாயில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அனுப்பும் வேலை மட்டும்தான் இங்கே.

புதிய நாடகாசிரியர்களுக்கான போட்டிகள் பலவற்றில் பிரதியைப் படிக்கிறவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. இங்கிலாந்தில், மான்செஸ்டர் ராயல் எக்ஸ்சேஞ்ச் தியேட்டரில் 2005இல் தொடங்கிய பிரன்ட்வுட் நாடகப் பரிசுக்கு புனைபெயரில்தான் பிரதி போகிறது. பல வருடம் எழுதியவரின் நாடகமும் உங்களுடையதும் அங்கே சமம். பக்கத்தில் இருந்து விளக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். தாளில் உள்ளதுதான் பேசும். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

1. விதிமுறைகளை அச்சிட்டுப் படியுங்கள்

திரையில் படித்தால் கண் தாவிவிடும். மேடையேறாத நாடகமா, அச்சில் வராததா, ஓரங்க நாடகமா முழுநீளமா, தழுவலை ஏற்பார்களா என்று ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். பிறர் கதையைத் தழுவியிருந்தால் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். பரிசு பெற்றால் மேடையேற்றும் உரிமை யாரிடம், எவ்வளவு காலம் என்ற பத்தியை இரண்டு தடவை படியுங்கள். பதிப்புரிமையையே எழுதிக் கேட்கும் போட்டிக்கு, பரிசு எவ்வளவு பெரிதானாலும், நான் அனுப்ப மாட்டேன்.

2. பார்வையாளருக்குத் தெரியாததை மேடைக் குறிப்பில் எழுதாதீர்கள்

சினிமா பார்த்து வளர்ந்த நம் கை தானாகவே 'குளோஸ்அப்', 'கட்' என்று போகும். அதைவிடப் பெரிய சிக்கல், மனதுக்குள் நடப்பதை எழுதிவிடுவது. 'கடனைத் திருப்பித் தரப்போவதில்லை என்று கமலா முடிவு செய்கிறாள்' என்று எழுதினால் நடிகை எதை நடிப்பார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

*கமலா பணத்தை எண்ணி உறையில் போடுகிறாள். கதவு தட்டும் சத்தம். உறையை அரிசி டின்னுக்குள் அழுத்திவிட்டுக் கதவைத் திறக்கிறாள்.*

*கமலா: வாங்கண்ணே. கையில ஒத்தப் பைசா இல்லண்ணே.*

முடிவெடுத்தாள் என்பது எங்கேயும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. உறைமேல் பெயர் எழுதினாள் என்று சேர்க்காதீர்கள். பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு அது தெரியாது.

3. பிறர் வாயால் கேளுங்கள்

இதைச் செய்யாமல் எந்தப் பிரதியையும் அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன். பாத்திரத்துக்கு ஒருவராக நண்பர்களைக் கூப்பிடுங்கள். மேடைக் குறிப்புகளை மட்டும் வாசிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். நடிக்கச் சொல்லாதீர்கள், சும்மா வாசித்தால் போதும். நீங்கள் எதையும் வாசிக்கக் கூடாது, விளக்கவும் கூடாது. பேனாவும் ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு கோடு. 'இப்ப பேசுறது யாரு?' என்று கேட்கும் இடத்தில் ஒரு வட்டம். குமார், குமரன் என்று இரண்டு பாத்திரம் வைத்திருந்தால் வட்டங்கள் அங்கேதான் குவியும். ஒருவர் பெயரை மாற்றிவிடுங்கள்.

கால அளவையும் அப்போதே ஸ்டாப்வாட்ச் வைத்து எடுங்கள். 'ஒரு பக்கம் ஒரு நிமிடம்' என்பது ஆங்கிலத் தட்டச்சு அமைப்பை வைத்து வந்த கணக்கு. தமிழ்ப் பிரதிக்கு அதை நம்ப முடியாது.

4. எழுத்துரு

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் எதிர்முனையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். நான் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் மென்பொருளும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவும்தான் பயன்படுத்துகிறேன். திரைக்கதை மென்பொருள் எதுவும் தேவையில்லை. பாத்திரப் பெயர், வசனம், மேடைக் குறிப்பு என்று மூன்று ஸ்டைல் அமைத்துக்கொண்டால் போதும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு அதை இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றாலோ, நடுவில் புள்ளி வட்டம் தெரிந்தாலோ எழுத்துருவை மாற்றி மறுபடி பிடிஎஃப் எடுங்கள்.

5. பெயரை நீக்குதல்

கொஞ்சம் நின்று செய்ய வேண்டிய வேலை இது. முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடுவோம். கோப்பின் பெயரில், ஒவ்வொரு பக்கத்தின் மேலே வரும் தலைப்பகுதியில், நன்றியுரையில் எல்லாம் பெயர் ஒளிந்திருக்கும். நண்பர் போட்ட கமென்ட்டிலும், ட்ராக் சேஞ்சஸ் திருத்தங்களிலும்கூட இருக்கும்.

கண்ணுக்கே தெரியாத இடம் இன்னொன்று: கோப்பின் ப்ராப்பர்ட்டீஸ், அதாவது கோப்போடு சேர்ந்தே பதிவாகும் விவரங்கள். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய், தனிப்பட்ட தகவல் என்று காட்டுவதை ரிமூவ் ஆல் கொடுங்கள். லிப்ரே ஆபிஸில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் பகுதியில் 'அப்ளை யூசர் டேட்டா' டிக்கை எடுத்துவிட்டு 'ரீசெட் ப்ராப்பர்ட்டீஸ்' அழுத்துங்கள். பிடிஎஃப் எடுப்பது இதற்குப் பிறகுதான். எடுத்த பிடிஎஃபின் ப்ராப்பர்ட்டீஸில் ஆத்தர் என்ற இடம் காலியா என்று பார்த்துவிடுங்கள். பிறகு உங்கள் பெயரைப் போட்டுக் கோப்பு முழுக்க ஒரு தேடல்.

6. கதைச்சுருக்கம்

கேட்டால் மட்டும் கொடுங்கள். முடிவையும் சொல்லிவிட வேண்டும். 'முடிவு என்ன? மேடையில் காண்க' என்பது விளம்பரத்துக்கு சரி, நடுவருக்கு ஆகாது.

பிற்சேர்க்கை

கல்லூரியில் ஒருமுறை போட்ட நாடகத்தை அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போட்டிக்குப் போட்டி இது மாறும். சிலர் பிரதி வாசிப்பை மேடையேற்றமாகக் கொள்வதில்லை, சிலருக்கு அதுவும் கூடாது. அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசி நேரம் பற்றி இன்னொரு கேள்வி. எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். கிரீன்விச் நேரம் 23:59 என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் காலை 5:29, சிங்கப்பூரில் 7:59. ஆனாலும் முந்தைய நாளே அனுப்பிவிடுவது நல்லது. கடைசி மணி நேரத்தில் இணையதளங்கள் திணறும். அனுப்பியதற்கு ஒப்புகை மின்னஞ்சல் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், அங்கேயும் இல்லையென்றால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.