ஹாலெட் பீக் அடிவாரத்துல ஸ்னோஷூ நடை: "ஈஸி"ன்னு நம்பிப் போய் பண்ற தப்புங்க

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல, டென்வர் பக்கம் புதுசா குடிவந்த நம்மாளுங்க முதல் விண்டர்லயே போகணும்னு ஆசைப்படற இடம் எமரால்ட் லேக். ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க்ல பேர் லேக் ரோடு முடியற இடத்துல காரை நிறுத்திட்டு நடந்தா முதல்ல நிம்ஃப் லேக், அடுத்து ட்ரீம் லேக், கடைசில எமரால்ட் லேக், படிக்கட்டு மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணா வரும், அந்தக் கடைசி ஏரிக்கு மேல ஹாலெட் பீக் 3,875 மீட்டர் உசரத்துல சுவர் மாதிரி நிக்கும். ஒரு பக்கம் மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஏத்தம் மொத்தமே சுமார் 200 மீட்டர்தான். முதல் தடவை ஸ்னோஷூ, அதாவது பனில புதையாம நடக்க பூட்ஸுக்கு அடில கட்டற அகலமான சட்டம், அதைக் கட்டறவங்களுக்கு நான் தயங்காம சொல்ற பாதை இதுதான், பத்துப் பதினஞ்சு தடவை போயிருக்கேன், இன்னும் அலுக்கல.

ஆனா எல்லா இடத்துலயும் இதை "ஈஸி"ன்னு எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் வினையே ஆரம்பிக்குது. தூரமும் ஏத்தமும் கம்மிங்கறதை மட்டும் வச்சு சொன்ன வார்த்தை அது. குளிரு, காத்து, உசரம், தலைக்கு மேல சரிவுல உக்காந்திருக்கற பனி, இதெல்லாம் அந்தக் கணக்குல வரவே வராது. நான் பார்த்த தப்பு, நானே பண்ணின தப்பு ரெண்டும் கலந்துதான் சொல்றேன்.

முதல்ல உசரம். கார் நிறுத்தற இடமே சுமார் 2,890 மீட்டர், அதாவது நம்ம தொட்டபெட்டாவை விட உசரத்துல நின்னுட்டுதான் நடையே ஆரம்பிக்கறோம். கடல் மட்டத்துல ஒரு மூச்சுல கிடைக்கற ஆக்சிஜன்ல ஏறக்குறைய எழுபது சதவீதம்தான் அங்க கிடைக்கும். சென்னைலேருந்து அப்பா அம்மா வந்து இறங்கி ரெண்டு நாள்கூட ஆகல, ஜெட்லாகே போகல, அதுக்குள்ள சனிக்கிழமை கூட்டிட்டுப் போறவங்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கறேன். தயவுசெஞ்சு வேண்டாம். டென்வர்லயே ஒரு நாலஞ்சு நாள் இருக்கட்டும், முடிஞ்சா பக்கத்துல இருக்கற எஸ்டெஸ் பார்க்ங்கற ஊர்ல ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் போங்க. தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு யாராவது சொன்னா "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்"னு சமாதானம் சொல்லாம கீழ இறங்கிடணும், இதுக்கு இறங்கறதுதான் மருந்து.

அடுத்தது லேட்டா கிளம்பறது. சம்மர்ல ஓடற ஷட்டில் பஸ் விண்டர்ல கிடையாது, எல்லாரும் கார்லதான் வருவாங்க, லீவு நாள்ல பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிடும். அதை விட முக்கியம் வெயில். டிசம்பர்ல நாலேமுக்காலுக்குள்ள சூரியன் இறங்கிடும், ஆனா எமரால்ட் லேக் இருக்கறது ஹாலெட்டுக்கும் ஃப்ளாட்டாப் மலைக்கும் நடுவுல இடுக்குல, அதனால மதியம் தாண்டினதுமே மலை நிழல் விழ ஆரம்பிச்சிடும், நிழல் விழுந்த நிமிஷத்துலேருந்து குளிர் வேற மாதிரி இருக்கும். சம்மர்ல ஒரு மணி நேரத்துல போற தூரத்துக்கு ஸ்னோஷூல ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க, குழந்தைங்க இருந்தா இன்னும் கூட. எட்டரைக்கெல்லாம் பூட்ஸ் கட்டியாச்சுன்னா நிம்மதியா போயிட்டு வரலாம்.

கார் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். ரோடைப் பனி தள்ளி சுத்தம் பண்ணுவாங்க, ஆனா மேல போகப் போக ஐஸ் இருக்கும், நாலு வீல் டிரைவ் வண்டிங்கறது ஏறத்தான் உதவும், இறக்கத்துல பிரேக் பிடிக்கறது டயர்தான். தேஞ்ச டயரோட போகாதீங்க.

இப்ப ஸ்னோஷூ. எல்லாருக்கும் ஆச்சரியமா இருக்கற ஒண்ணு சொல்றேன், இந்தப் பாதைல பாதி நாளு ஸ்னோஷூவே தேவைப்படாது. கூட்டம் மிதிச்சு மிதிச்சு பனி சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும், அதுல மைக்ரோஸ்பைக்ஸ், அதாவது பூட்ஸ் மேல ரப்பர் மாதிரி இழுத்து மாட்டற இரும்புப் பல்லு, அது போட்டா நிம்மதியா நடக்கலாம். ராத்திரி புதுப்பனி விழுந்திருந்தா ஸ்னோஷூ இல்லாம முழங்கால் வரைக்கும் புதையும், அன்னிக்கு மைக்ரோஸ்பைக்ஸ் உதவாது. அதனால வாடகைக் கடைல ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு காலுல, இன்னொண்ணு பையில. ஷூ சைஸை மட்டும் சொல்லி ஸ்னோஷூ வாங்கறதும் தப்பு, உங்க வெயிட்டோட பை வெயிட்டையும் சேர்த்து சொல்லணும், பனில புதையாம தாங்கறது அந்தக் கணக்குலதான்.

கட்டும்போது பெருவிரலுக்குப் பின்னாடி இருக்கற மேட்டுப்பாதம் சரியா ஸ்னோஷூல இருக்கற அசையற கீல் மேல உக்காரணும். வாரோட தொங்கற நுனி காலுக்கு வெளிப்பக்கம் இருக்கணும், உள்பக்கம் இருந்தா இன்னொரு ஸ்னோஷூல சிக்கி விழுவீங்க. பின்னாடி அடி வைக்கவே வைக்காதீங்க, ஸ்னோஷூவோட பின்முனை புதைஞ்சு மல்லாக்க விழறது அப்படித்தான். திரும்பணும்னா சின்ன வட்டமா முன்னாடியே நடந்து திரும்பிக்கோங்க. கால்களைக் கொஞ்சம் அகட்டி வச்சு நடந்தா போதும், பத்து நிமிஷத்துல பழகிடும். ஏத்தத்துல குதிங்காலுக்கு அடில தூக்கி விடற கம்பி சில மாடல்ல இருக்கும், கடைக்காரரை அங்கயே காட்டச் சொல்லிடுங்க, மலைல கையுறை கழட்டிட்டு தேடிட்டு இருக்க முடியாது.

டிரெஸ். ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டவே வேண்டாம், காட்டன் வேர்வையைக் குடிச்சுட்டு அப்படியே ஈரமா உடம்போட ஒட்டிக்கும், நின்ன அடுத்த நிமிஷமே நடுங்க வச்சிடும். ஆனா நம்மாளுங்க பண்ற பெரிய தப்பு கம்மியா போடறது இல்ல, அதிகமா போட்டுட்டு நடக்கறது. கார்லேருந்து இறங்கினதும் குளிருதுன்னு இருக்கற ஜாக்கெட் எல்லாத்தையும் மாட்டிட்டு நிம்ஃப் லேக் ஏத்தம் ஏறினா உள்ள குளிச்ச மாதிரி வேர்த்துடும், ட்ரீம் லேக் வந்து வெட்டவெளில காத்து அடிக்கும்போது அந்த ஈரம்தான் வில்லன். ஆரம்பிக்கும்போது லேசா குளிரணும், அதுதான் சரியான அளவு. தடி ஜாக்கெட் பையில இருக்கட்டும், நிக்கும்போது மட்டும் எடுத்துப் போடுங்க. சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டா கதகதப்பா இருக்கும்னு நினைக்காதீங்க, பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாம கால் இன்னும் சில்லிடும், தடியா உல்லன் சாக்ஸ் ஒண்ணு போதும்.

காத்தைப் பத்தி தனியா சொல்லணும். மைனஸ் பத்து டிகிரின்னு போன்ல பார்த்துட்டு "பரவாயில்ல"ன்னு கிளம்புவோம், மணிக்கு 50 கிலோமீட்டர் காத்து சேர்ந்தா தோலுக்கு அது மைனஸ் 22 மாதிரி. ட்ரீம் லேக்ல அந்தக் காத்து மேற்கே மலை முகட்டுலேருந்து நேரா இறங்கி வரும்.

குழந்தைங்க விஷயத்துல நான் பண்ணினதைச் சொல்றேன், இன்னிக்கும் நினைச்சா வயித்தைப் பிசையும். என் பொண்ணுக்கு அப்ப ஒண்ணேமுக்கால் வயசு, முதுகுல மாட்டற கேரியர்ல வச்சு நடந்தேன். எனக்கு வேர்த்துக்கிட்டு இருந்துச்சு, அதனால அவளுக்கும் கதகதப்பா இருக்கும்னே நினைச்சுட்டேன். நான் நடக்கறேன், உடம்பு சூடாகுது, அவ அசையாம உக்காந்திருக்கா, கேரியர் வார் தொடையை அழுத்தறதுல காலுக்கு ரத்தமும் சரியா போகல. அழவே இல்ல, அமைதியா இருந்தா, தூங்கறான்னு நினைச்சேன். ட்ரீம் லேக்ல என் மனைவிதான் சந்தேகப்பட்டு பூட்ஸைக் கழட்டிப் பார்த்தா, விரல் நுனியெல்லாம் வெளுத்து ஜில்லுன்னு இருந்துச்சு. அங்கயே மரத்து மறைவுல உக்காந்து சட்டைக்குள்ள அவ காலை என் வயித்துல வச்சு அணைச்சுட்டே இருந்தோம், கொஞ்ச நேரத்துல சிவந்து வந்துச்சு, அப்பதான் அழுதா. நேரா இறங்கிட்டோம். அதுக்கப்புறம் எங்க வீட்டு விதி, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னு கை, கால், மூக்கு, காது தொட்டுப் பார்க்கணும், அமைதியா இருக்கற குழந்தையை முதல்ல பார்க்கணும். விறைச்ச இடத்தைப் பனியால தேய்க்கறது, அழுத்தித் தேய்க்கறது ரெண்டுமே கூடாது, தோல் கிழிஞ்சு போகும், உடம்புச் சூடு போதும். தோல் கட்டியா மரத்துப் போய் நிறம் திரும்பலைன்னா டாக்டர்கிட்ட போயே ஆகணும்.

பனிச்சரிவு. "நாம ஏறப் போறதே இல்லையே, பாதைலதானே நடக்கறோம்"னு எல்லாரும் சொல்வாங்க. கொலராடோ பனியோட குணம் என்னன்னா, சீசன் ஆரம்பத்துல விழற மெல்லிசான பனி, கீழ தரைச் சூடு மேல கடுங்குளிர்னு நடுவுல மாட்டிட்டு சர்க்கரை மாதிரி பிடிப்பில்லாத குருணையா மாறிடும், அதுக்கு மேல அடுத்தடுத்த பனி கனமா உக்காரும். மேற்குக் காத்து வேற முகட்டுக்கு அந்தப்பக்கத்துப் பனியை வாரிட்டு வந்து நம்ம பக்கம், கிழக்குச் சரிவுல கொட்டும். அஸ்திவாரம் மணலா இருக்கற மாதிரிதான். இப்படிப்பட்ட பனில சரிவுக்கு அடில சமதளத்துல நடக்கறவங்க பாரத்துலயே மேல சரிவு அறுந்து வரலாம், நீங்க ஏறணும்னே அவசியமில்ல. 30 டிகிரிலேருந்து 45 டிகிரி வரைக்கும் சாய்வா இருக்கற சரிவுதான் பெரும்பாலும் அறுந்து வரும், ட்ரீம் லேக்குக்கு அப்புறம் எமரால்ட் வரைக்கும் ரெண்டு பக்கமும் அந்த மாதிரி சரிவு இருக்கு.

அதனால கிளம்பற அன்னிக்குக் காலைல கொலராடோ அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சென்டர் போடற அறிக்கையைப் பாருங்க, இலவசம், பனிச்சரிவு ஆபத்துக்கு ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் அளவு. மூணோ அதுக்கு மேலயோ இருந்தா நான் ட்ரீம் லேக்கோட திரும்பிடுவேன், பெரும்பனி விழுந்து ஓயற வரைக்கும் அந்தக் கடைசிப் பகுதியை நினைக்கவே மாட்டேன். நடக்கும்போது காலடில "வூம்ஃப்"னு அமுங்கற சத்தம் வந்தாலோ, ஸ்னோஷூலேருந்து விரிசல் கோடு ஓடினாலோ உடனே வந்த வழியே திரும்பணும், ஃபோட்டோ எடுக்க நிக்கக்கூட வேண்டாம். ட்ரீம் லேக்லேருந்தே ஹாலெட் முழுசா தெரியும், உண்மையைச் சொன்னா ஃபோட்டோவுக்கு அந்த இடம்தான் அழகு.

இன்னொண்ணு, காலடித் தடத்தை நம்பறது. பனில சம்மர் பாதை மூடிப் போயிடும், விண்டர்ல ஜனங்க நடக்கற தடம் பல இடத்துல வேற, ஸ்கீ ஆளுங்க தடம் சரிவுப் பக்கம் பிரிஞ்சு போகும், தடம் இருக்கேன்னு பின்னாடியே போனா எங்க கொண்டு விடும்னு தெரியாது. மேப்பை முன்னாடியே ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க, அங்க சிக்னலை நம்ப முடியாது. போனை ஜாக்கெட்டுக்கு உள்ள, உடம்போட ஒட்டி வைங்க, வெளிப்பையில வச்சா அறுபது சதவீதம் காட்டிட்டு இருந்ததே குளிர்ல பொசுக்குன்னு அணைஞ்சிடும்.

ஏரி உறைஞ்சிருக்கும், நடு விண்டர்ல ஜனங்க அது மேல நடப்பாங்க. ஆனா தண்ணி உள்ள வர்ற வாயும் வெளிய போற வாயும் ஓட்டத்தால மெல்லிசா இருக்கும், மேல பனி மூடி இருந்தா கண்ணுக்கே தெரியாது. நவம்பர்லயும் வசந்த காலத்துலயும் கரையோட நடங்க, குழந்தைங்க கையை விடாதீங்க.

சாப்பாடு தண்ணி. தயிர்சாதம் கட்டிட்டு வந்து ஐஸ் உருண்டையா முழுங்கினவங்க இருக்காங்க, கடலைமிட்டாய் கல்லாயிடும், பல்லு போயிடும். சப்பாத்தி ரோல் பண்ணி உள்பாக்கெட்ல வச்சுக்கோங்க, முந்திரி பாதாம், முறுக்கு எந்தக் குளிர்லயும் அப்படியே இருக்கும். தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க, ஐஸ் மேல்பக்கத்துலேருந்துதான் பிடிக்கும், வாய்ப்பக்கம் திறந்தே இருக்கும். ட்யூப் வச்சுக் குடிக்கற பை வேண்டாம், ட்யூப் முதல்ல உறைஞ்சிடும். ஃப்ளாஸ்க்ல சுக்குக்காப்பி எடுத்துட்டுப் போங்க, அந்தக் காத்துல நின்னு குடிக்கற ஒரு மடக்குக்கு ஈடே இல்ல. குளிர்ல தாகம் தெரியாது, அதனால ஏரிக்கு ஏரி ஞாபகமா குடிங்க.

கருப்புக் கண்ணாடி, சன்ஸ்க்ரீன் இல்லாம போகாதீங்க, பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், தாடைக்கு அடிலயும் மூக்குக்குக் கீழயும் கூட தடவணும்.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற யாருக்காவது எந்தப் பாதை, எத்தனை பேரு, எத்தனை மணிக்குள்ள கார்கிட்ட வந்துடுவோம்னு மெசேஜ் போட்டுடுங்க. திரும்பி வந்து ஈரச் சாக்ஸ் மாத்தி, ஹீட்டர் போட்டு, சிக்னல் வந்ததும் முதல் வேலையா "இறங்கிட்டோம்"னு அவங்களுக்குச் சொல்லிடுங்க, இல்லைன்னா அவங்க உங்களைத் தேட ஆள் அனுப்பிடுவாங்க, அப்படி அனுப்பச் சொல்லித்தான் நீங்களே சொல்லிட்டுப் போயிருக்கணும்.