சிறிய தவறுகளைச் சிறிய வயதிலேயே செய்யவிடுங்கள்: பிள்ளைகளுக்குப் பணம் பழக்கும் முறை

பணத்தின் அருமையைப் பற்றிப் பிள்ளைகளிடம் எவ்வளவு பேசினாலும், தாமே முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய ஒரு தொகை அவர்கள் கையில் இல்லாதவரை அந்தப் பேச்சு காதோடு நின்றுவிடும். ஆகவே, நாணயங்களை எண்ணிப் பார்த்து மீதிச் சில்லறையைச் சரிபார்க்கத் தெரிந்தவுடன், பெரும்பாலும் ஆறேழு வயதில், சிறிய கைச்செலவுத் தொகை ஒன்றைக் கொடுக்கத் தொடங்கலாம். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, குறித்த நாளில் தவறாமல் கொடுக்கிறோமா என்பதே முக்கியம். கேட்டபோதெல்லாம் கிடைக்கும் பணத்தை வைத்து யாரும் திட்டமிட முடியாது. சிறு பிள்ளைகளுக்கு ஒரு மாதம் என்பது மிக நீண்ட காலம் என்பதால் வாரந்தோறும் கொடுப்பது நல்லது; பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு மாதம் ஒருமுறை என்று மாற்றிக்கொள்ளலாம்.

சேமிப்புக்கு மூடிய உண்டியலைவிடக் கண்ணாடி ஜாடியே மேல் என்பது என் அனுபவம், ஏனெனில் பணம் ஏறுவதையும் இறங்குவதையும் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. கைபேசியைக் காட்டியே எல்லாவற்றையும் வாங்கும் இந்தக் காலத்தில் பணம் குறைவது பிள்ளைகளின் கண்ணில் படுவதே இல்லை. அவ்வாறு பணம் செலுத்தும்போது, கணக்கில் முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்று அவர்களுக்குக் காட்டிச் சொல்லுங்கள்.

இனிமேல்தான் பெற்றோருக்குக் கடினமான பகுதி. என் மகள் ஏழு வயதில் வண்ணப் பென்சில் பெட்டி ஒன்றுக்காகச் சேர்த்து வந்தாள். முக்கால்வாசிப் பணம் சேர்ந்திருந்த நிலையில், விளக்கு மின்னும் பொம்மை ஒன்றைப் பார்த்ததும் மொத்தத்தையும் அதற்குக் கொடுத்துவிட்டாள். மறுநாளே விளக்கு எரியவில்லை. அடுத்த வாரப் பணத்தை முன்கூட்டியே தரும்படி அழுதாள். கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பெரிய தொகையும் அல்ல. ஆனால் அன்று நான் கொடுத்திருந்தால், தவறு செய்தவள் அவள், விலை கொடுத்தவள் நான் என்று ஆகியிருக்கும். அருகில் உட்கார்ந்து, இன்னும் எத்தனை வாரம் சேர்க்க வேண்டும் என்று இருவரும் கணக்கிட்டோம். அடுத்த முறை கடையில் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்தவள், என்னைக் கேட்காமலேயே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். நாம் வாயால் சொல்லி இந்தப் பழக்கத்தை வரவழைத்திருக்க முடியாது. "அப்போதே சொன்னேனே" என்று குத்திக்காட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவமானப்பட்ட பிள்ளை அடுத்த தவறை மறைக்கவே கற்றுக்கொள்ளும்.

வீட்டு வேலைக்குக் கூலி கொடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தன் படுக்கையை மடிப்பதற்குப் பணம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வழக்கத்துக்கு மேலான வேலைக்குக் கொடுக்கலாம்.

பதின்ம வயதில் பொறுப்பின் அளவு கூட வேண்டும். உடை, பயணம், கைபேசிக் கட்டணம் போன்றவற்றுக்கு நீங்கள் எப்படியும் செலவிடும் தொகையை மாதத் தொடக்கத்தில் மொத்தமாக அவர்களிடமே ஒப்படைத்து, வரவு செலவை எழுதி வரச் சொல்லுங்கள். இருபதாம் தேதியே பணம் தீர்ந்துபோனால், மீதிப் பத்து நாளை எப்படிச் சமாளிப்பது என்பதை அவர்களே யோசிக்கட்டும். கல்வி, மருத்துவம் ஆகியவற்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓடிபியையும் கடவுச்சொல்லையும் நண்பர்கள் உட்பட யாருக்கும் சொல்லக் கூடாது என்பதையும், தவறிச் சொல்லிவிட்டால் பயப்படாமல் உடனே வீட்டில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லி வைக்க வேண்டும்.

வட்டியை இந்த வயதில் காகிதத்தில் போட்டுக் காட்டுவது அவசியம். ஆண்டுக்கு 10 சதவீதத்தில் நூறு என்பது பத்து ஆண்டுகளில் தனி வட்டியில் 200 ஆகும். கூட்டு வட்டியிலோ 259-ஐத் தாண்டும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், கூட்டு வட்டியில் பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் ஒன்பது ஆண்டுகள். 1494-இல் வெனிஸில் அச்சான கணித நூலிலேயே இந்த வழி இடம்பெற்றிருக்கிறது. இதே கணக்கைக் கடனுக்கும் போட்டுக் காட்டுங்கள். மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்து சேர்ந்து ஓராண்டில் 42 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு, அவர்கள் விரும்பும் ஒரு பொருளுக்கு நீங்களே சிறு கடன் கொடுத்துப் பார்க்கலாம். தொகை, தவணை, தவணை தவறினால் என்ன என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாதப் பணத்தைக் கொடுக்கும்போது தவணையை நீங்களே பிடித்துக்கொள்ளாமல், முழுத் தொகையையும் அவர்கள் கையில் கொடுத்து, அதிலிருந்து அவர்களே எண்ணி உங்களிடம் திருப்பித் தரும்படி செய்யுங்கள்.