நாயும் நாயகரும் புது வீடும்: முதல் நாவலைத் தொடங்குவது எப்படி?

வேலை போனவர், மணமுறிவு ஆனவர், வீட்டை விற்றவர் என்று யாராவது ஒருவர். கூடவே அவர் உயிராக நினைக்கும் ஒரு நாய். இந்த இரண்டு பேரும் கிடைத்துவிட்டால், சிரிக்கச் சிரிக்கப் படிக்கக்கூடிய நாவலுக்குப் பாதிச் சரக்கு தயார். மீதியைப் பார்ப்போம்.

1. இழந்ததை ஒரு வரியில் முடியுங்கள்

"42 வயதில் வேலை போய், ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோகிறார்." போதும். யார் துரோகம் செய்தார், எப்படி அழுதார் என்பதெல்லாம் பிறகு துளித்துளியாக வரட்டும்.

2. நாய்க்குப் பெயர் வையுங்கள்

நடுத்தெருவில் நின்று கத்திக் கூப்பிட வேண்டிய பெயர் அது. வெட்கப்படும் சுபாவமுள்ள நாயகர் தன் நாய்க்கு 'கவிஞர்' என்று பெயர் வைத்திருந்தால், அது ஓடும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு காட்சி.

3. மூக்கை முன்னால் விடுங்கள்

மனிதர் மூக்கில் மோப்ப ஏற்பிகள், அதாவது வாசனையை உணரும் நுண்ணிய உணர்விகள், சுமார் 60 லட்சம். நாய்க்கு 30 கோடி வரை இருக்கும். நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது சிரமம். ஆக, புல்லில் விழுந்த சிவப்புப் பந்தை அது கண்ணைவிட மூக்கை நம்பித்தான் தேடும். புது வீட்டை நாயகர் வாடகைக் கணக்கில் பார்ப்பார். நாயோ முன்பு குடியிருந்தவரின் பூனையை மோந்துகொண்டிருக்கும்.

தயவுசெய்து நாயைத் தத்துவம் பேச வைக்காதீர்கள். என் முதல் வரைவில் அது அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தது. படித்த நண்பர் கேட்டார்: "இதுக்குப் பசிக்கவே பசிக்காதா?"

4. 3-3-3 கணக்கில் கதையைப் பிரியுங்கள்

தத்தெடுத்த நாய் புது வீட்டுக்குப் பழக, தோராயமாக ஒரு கணக்கு சொல்வார்கள்: மிரட்சி தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், 'இது என் வீடு' என்று ஆக 3 மாதம். உங்கள் நாய் பழைய நாய்தான் என்றாலும் வீடு புதிது, கணக்கை இரவல் வாங்கலாம். நாய் மூன்றாம் வாரத்துக்கு வந்திருக்கும்போது நாயகர் இன்னும் மூன்றாம் நாளிலேயே நிற்கட்டும். நகைச்சுவை அந்த இடைவெளியில்தான் ஊறும்.

ஒரு மாதிரி: பழைய வீட்டில் வாசல் இடது பக்கம். புது வீட்டில் அங்கே சுவர். சாயங்காலமானால் நாய் சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து சுவரைப் பார்த்து உட்காரும். வாலை ஆட்டும். சுவர் திறக்காது. "அங்க கதவு இல்லடா" என்பார் அவர். நாய் நம்பாது. நான்காம் நாளும் அதே சுவர். ஐந்தாம் நாள் அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். கவனியுங்கள், 'தனிமை' என்ற சொல்லே வரவில்லை.

5. அக்கம்பக்கத்தை நாய் கொண்டுவரட்டும்

நாயகர் யாரோடும் பேசமாட்டார். ஆனால் நாயை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வெளியே கூட்டிப்போயே ஆக வேண்டும். காதலோ சண்டையோ, அந்த நடையில் தானாக வந்து சேரும்.

6. நாய் சாகக் கூடாது

விவாதமே கிடையாது. இந்த வகை நாவலில் அதைச் செய்தால் வாசகர் உங்களை மன்னிக்கமாட்டார்.

சரி, இன்றைக்கு ஒரே ஒரு காட்சி: சாமான் இறக்கும் நாள். பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை. நாய் எந்தப் பெட்டியின் மேல் ஏறிப் படுக்கிறது? அதற்குள் என்ன இருக்கிறது?