பழைய டீசல் கார் வாங்கப் போகிறீர்களா? ராத்திரி எட்டு மணிக்குப் போகாதீர்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மன்னார்குடி பக்கம் ஒரு 2012 மாடல் டிசையர் டீசலைப் பார்க்க நானும் என் மச்சானும் போனோம். வேலை முடிந்து கிளம்பியதால் போய்ச் சேரும்போது ராத்திரி எட்டு. வண்டிக்காரர் காபி கொடுத்தார். சாவியைத் திருகியதும் பாதி செல்ஃபில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. "இப்பதாண்ணே பையன டியூஷன்லேருந்து கூட்டியாந்தேன்" என்றார். விஷயமே அந்த ஒரு வரியில்தான் இருந்தது; எனக்கு உறைக்கவில்லை.

மறுவாரம் வண்டி வலங்கைமானில் என் வீட்டு வாசலில் நின்றது. மார்கழி மாசம். காலை ஐந்தரைக்குச் சாவியைத் திருகினால் செல்ஃப் இழுக்கிறது, இழுக்கிறது, பிடிக்கவே இல்லை. நாலாவது தடவை உதறலோடு கிளம்பி, வாசல் கோலமே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. எதிர்வீட்டு அத்தை வெளியே வந்து, "கொசு மருந்தா தம்பி அடிக்கிறாங்க?" என்று கேட்டார்.

பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தபோது மூன்றாவது சிலிண்டர் படுத்திருந்தது. அறுபதாயிரத்துச் சொச்சம் போனது. பிறகு உள்ளதைச் சொல்லி நஷ்டத்துக்கு விற்றேன். இப்போது ஓட்டுவதும் டிசையர்தான், வேறொன்று, 2014 மாடல். இதை வாங்கும்போது செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். கிளட்ச் என்றால் என்ன, டர்போ என்றால் என்ன என்றெல்லாம் இங்கே ஆரம்பிக்கப் போவதில்லை.

முதலில், டீசல்தான் வேண்டுமா?

மாசம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவர் என்றால் பெட்ரோலே வாங்குங்கள். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து கோயில் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் இன்ஜின் சூடாகவே சூடாகாது. புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்ததுதான் மிச்சம்.

டீசல்தான் என்று முடிவானால் மாருதியின் 1.3 இன்ஜின் அல்லது டொயோட்டா. இது என் பிடிவாதம், ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஃபியட் வடிவமைத்த அந்த 1.3 இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா என்று பல வண்டிகளில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டாலும், கும்பகோணத்தில் எந்தப் பட்டறையிலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று செவ்ரோலே வாங்கினால் ஒரு சென்சாருக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டிவரும்.

வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டியது

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எல்லாம் வரும். மஞ்சள் போர்டாக ஓடி, பிறகு சொந்த போர்டாக மாற்றிய வண்டியா என்று கேளுங்கள். அப்படியென்றால் மீட்டரில் இருக்கும் எண்ணை மறந்துவிடலாம்.

இன்சூரன்ஸ் தாளில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 என்று ஏறும். பத்து வருஷ வண்டிக்குப் பூஜ்யம் என்றால் போன வருஷம் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது பாலிசி நடுவில் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஓனர் புதிது. அந்த போனஸ் ஓனருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது.

"பத்து வருஷ டீசல் ஓடக்கூடாதாமே?" என்று பலர் பயப்படுகிறார்கள். அது தில்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் போட்ட தடை. பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது, 2025-இல் அதே நீதிமன்றம் தளர்த்தியது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. ஆனால் அங்கிருந்து கழித்த வண்டிகள்தான் இங்கே "நல்ல ரேட்டுக்கு" வருகின்றன. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்தால் ரேட்டு நல்லதாக இருக்காது. நம்மூரில் கவனிக்க வேண்டியது 15 வருஷக் கணக்கு. அது முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் அந்த வேலை முடிந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

குளிர்ந்த இன்ஜின்

நான் விழுந்த பள்ளம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16-லிருந்து 18 மடங்குவரை அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து அமுக்கம் குறைந்தாலோ, கிளப்பும்முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் போயிருந்தாலோ குளிர்ந்த இன்ஜினில் பற்ற வைக்கும் சூடு வராது. ஒருமுறை ஓடிச் சூடாகிவிட்டால் அதே இன்ஜின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பாதி செல்ஃபில் கிளம்பும். டியூஷன் ரகசியம் இதுதான்.

ஆகவே காலை ஆறு மணிக்குப் போங்கள். முதல் நாளே போனில், "நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். போனதும் பானட்டில் கை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சாவியை ஆன் செய்து, மீட்டரில் ஹீட்டர் பிளக்கின் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்துப் பிறகு செல்ஃப் அடியுங்கள். இரண்டு, மூன்று நொடியில் பிடிக்க வேண்டும். மச்சானைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கிளம்பிய நொடியில் கொஞ்சம் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. வெள்ளைப் புகை அடங்காமல் பச்சை டீசல் வாடை அடித்தால் என் கதைதான். நீலம் என்றால் ஆயில் எரிகிறது: ரிங் அல்லது டர்போ. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதிகம் ஊற்றுகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பாகக்கூட இருக்கும், அதனால் உடனே மிரள வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக ஓட்டைமேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. குபுகுபு என்று புகை தள்ளி மூடியைத் தூக்கி அடித்தால் பேக் கம்ப்ரஷன் (அமுக்கம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது), நமஸ்காரம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது டீசலில் சகஜம். மூடிக்கு அடியில் மோர் மாதிரி இருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இதோடு முடியவில்லை. அரை மணி ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கிளப்புங்கள். தேய்ந்த இன்ஜெக்டர் குளிரில் நல்லபிள்ளையாக இருந்துவிட்டுச் சூட்டில்தான் மக்கர் பண்ணும். இன்ஜெக்டர் எரிக்காமல் திருப்பி விடும் டீசலின் (ரிட்டர்ன்) அளவை ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி.

டெல்டா வண்டியின் வியாதிகள்

நம்மூர் வண்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீர். 2015 டிசம்பரில் வண்டி சென்னையில் இருந்ததா? 2018 நவம்பர் 16, கஜா புயல் அன்று எங்கே நின்றது? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது? வாய் பொய் சொல்லலாம், சீட் பெல்ட் சொல்லாது. கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் செம்மண் கோடு இருந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஸ்டெப்னி குழி, சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத் துரு, ஹெட்லைட்டுக்குள் வண்டல் எல்லாம் பாருங்கள். தண்ணீரை உறிஞ்சிய டீசல் இன்ஜினில் கனெக்டிங் ராடே வளைந்துபோகும்.

அடுத்தது கேன் டீசல். டிராக்டருக்கும் மோட்டார் கொட்டகைக்கும் வாங்கி வைத்ததையே காருக்கும் ஊற்றுகிற வீடுகள் உண்டு. டிராக்டரின் பழைய பம்பு அதைத் தாங்கும், காரின் இன்ஜெக்டர் தாங்காது. டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தண்ணீர் முத்து உருண்டால் பேரத்தில் நல்ல ஆயுதம். என் இரண்டாவது வண்டியில் டம்ளர் சுத்தமாக இருந்தது. டம்ளர் எடுத்துக்கொடுத்த அந்த வீட்டு அக்காதான் அதைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

உளுந்துச் செடி, எள், வைக்கோல் எல்லாம் ரோட்டில் காயும் ஊர் இது. அதன்மேல் ஏறி ஓட்டிய வண்டியில் நார் ஆக்சிலில் சுற்றி ரப்பர் உறையைக் கிழித்திருக்கும். குனிந்து டார்ச் அடியுங்கள். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அறுவடை முடிந்தால் வயல் எலிக்குக் கார்தான் வீடு. நெல் உமியும் கடித்த ஒயரும் கிடைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் வண்டி என்றால் அடித்தகட்டில் உப்புக்காற்றுத் துரு. புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தட்டுங்கள். ரேடியேட்டரில் பச்சை கூலன்ட்டுக்குப் பதில் செம்பழுப்புத் தண்ணீர் இருந்தால் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். (இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது.)

ஓட்டிப் பார்ப்பது

நம்மூரில் மேடே கிடையாது, அதனால் டர்போவும் கிளட்சும் தப்பித்துக்கொள்ளும். ரயில்வே மேம்பாலம் இருக்கும் ரோட்டுக்குக் கொண்டுபோங்கள். பாலம் ஏறும்போது நாலாவது கியரில் 40-இல் மிதியுங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. இழுவையே இல்லாமல் கரும்புகை கக்கினால் டர்போ குழாயைச் சந்தேகப்படுங்கள்.

டஸ்டர், ஃபிகோ, போலோ, பழைய 2.5 இன்னோவா இவற்றில் டைமிங் பெல்ட். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலையில் கழியுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். 1.3 இன்ஜினில் செயின். கிளம்பும்போது கரகரப்பு நீடித்தால் அதுவும் செலவுதான்.

கையில் நெற்றி டார்ச், ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க இன்ஜினுக்கு அடியில் விரிக்கப் பழைய செய்தித்தாள், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த பிழைகளைப் படிக்க ஒரு ஓ.பி.டி. ஸ்கேனர். செல்போன் டார்ச் வேண்டாம், ஒரு கை போய்விடும். ஸ்கேனரில் பிழை ஒன்றுமே இல்லை என்று வந்தால் மகிழாதீர்கள். "பிழை அழித்தபின் ஓடிய தூரம்" என்பதையும் பாருங்கள். 12 கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்றுதான் அழித்திருக்கிறார்கள்.

காகிதம்: படிவம் 29, 30, ஃபைனான்ஸ் இருந்தால் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும். தேதியோடு மணியும் போட்ட டெலிவரி நோட். பெயர் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

பின்சேர்க்கை 1: காரைக்கால் வண்டி, பி.ஒய். 02, விலை குறைவாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரி குறைவு என்பதால் அந்த விலை. நீங்கள் இருப்பது மயிலாடுதுறை என்றால் அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். 82 எண் போட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்துப் பேசுங்கள்.

பின்சேர்க்கை 2: திருவாரூர்க்காரர் ஒருவர் நான் சொன்னபடி காலை ஆறுக்குப் போயிருக்கிறார். பானட் சில்லென்று இருந்திருக்கிறது, காரணம் அப்போதுதான் வண்டியைக் கழுவி ஈரம் சொட்ட நிறுத்தியிருந்தார்கள்! இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும், நம்மூரில் 25, 28 என்று. அவர் இரண்டாவது தடவை போனபோது 61 காட்டியதாம்.