எலக்ட்ரிக் காருக்கு ஸ்நோ செயின் வாங்குவதற்கு முன் பின்டயரைக் குனிந்து பாருங்கள்

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை சாயங்காலம். கலிபோர்னியாவில், மலைமேல் இருக்கும் லேக் டாஹோ ஏரிக்குப் போகும் ஐ-80 நெடுஞ்சாலையில் கிங்வேல் பக்கம் எல்லா வண்டிகளையும் ஓரங்கட்டி, பனியில் டயர் வழுக்காமல் இருக்க அதைச் சுற்றிப் போடும் ஸ்நோ செயினை மாட்டச் சொல்லிவிட்டார்கள். பனி சாய்வாகக் கொட்டுகிறது, மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் எங்கள் ஃபோக்ஸ்வேகன் ஐடி.4 எலக்ட்ரிக் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய துண்டைப் போட்டு மண்டியிட்டு, செயினின் இரண்டு முனைகளையும் இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். கொக்கி மாட்டவே இல்லை. நாலு விரல் அகலம் குறைகிறது. கையுறை நனைந்து விரல் மரத்துப்போன பிறகுதான் டார்ச்சை டயர் மேல் அடித்துப் பார்த்தேன். 255/50 ஆர்19 என்று இருந்தது. நான் செயின் வாங்கியது 235/55 ஆர்19க்கு. அது முன்டயரின் அளவு. வீட்டில் முன்டயரை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன், நாலு டயரும் ஒரே அளவாகத்தானே இருக்கும் என்ற நினைப்பில். அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கி, ஆபர்னில் ரூம் போட்டுத் தங்கினோம். பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டே வந்தது இன்னும் காதில் இருக்கிறது.

அதிலிருந்து குளிர்காலம் வந்தால் யாராவது ஒருவர் போன் செய்து, "அண்ணா, நம்ம காருக்கு எந்த செயின் வாங்கணும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "செயின் எந்தச் சக்கரத்துக்கு மாட்டணும், அந்த டயர்ல என்ன நம்பர் போட்டிருக்கு?" காரின் பெயரையும் வருடத்தையும் வைத்துச் செயின் தேடினால் கடையின் இணையதளம் ஏதோ ஒன்றைக் காட்டும்தான். ஆனால் ஒரே மாடல் மூன்று விதமான சக்கரத்தோடு வருகிற காலம் இது.

முதலில் எந்தச் சக்கரம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மில் பலர் முன்பு ஓட்டிய பெட்ரோல் கார்கள் முன்சக்கரத்தால் ஓடியவை, அதனால் செயின் என்றாலே கை தன்னால் முன்சக்கரத்துக்குப் போகும். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டுக்கும் மேனுவலில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் செயின் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள், நாலு சக்கரமும் இயங்கும் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். ஐடி.4க்கும் பின்சக்கரம்தான். நிசான் லீஃப் முன்சக்கரத்தால் ஓடும் கார், அதற்கு முன்பக்கம். பாதுகாப்புக்காக நாலு சக்கரத்துக்கும் போட்டுவிடலாம் என்று சொந்தமாக முடிவெடுக்க வேண்டாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்டயர் உள்ளே நகர்ந்து வரும், அங்கே செயினுக்கு இடம் இருக்கிறதா என்பது வண்டி செய்தவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் மேனுவலில் செயின் பற்றிய பக்கம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதை முழுதாகப் படித்துவிடுங்கள். சில சக்கர அளவுகளுக்குச் செயினே கூடாது என்றும், சிலவற்றுக்கு இந்தச் செயின்தான் சோதித்தது என்றும் அதில் எழுதியிருக்கும். அப்படிப் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதையே வாங்குங்கள்.

அடுத்தது நம்பர். 255/45 ஆர்19 என்றால் டயரின் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், உள்ளே இருக்கும் ரிம் 19 அங்குலம். மாடல் ஒய்யில் 19 அங்குலச் சக்கரத்துக்கு 255/45 ஆர்19, 20 அங்குலத்துக்கு 255/40 ஆர்20. இரண்டின் வெளிவிட்டத்தையும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 712 மில்லிமீட்டர்தான் வரும். அப்படியானால் ஒரே செயின் இரண்டுக்கும் சரியாக இருக்குமே என்று தோன்றும். பக்கச் சுவரைப் பாருங்கள், ஒன்றில் சுமார் 115 மில்லிமீட்டர், இன்னொன்றில் 102தான். செயினின் பக்கக் கயிறு உட்காருவது அந்தச் சுவரில். சுவர் குட்டையாக ஆக ஆக கயிறு ரிம்முக்கு நெருங்கி வந்து உரசும், அலாய் வீலில் வட்டமாகக் கோடு விழும். அதனால் பெட்டியில் ஒட்டியிருக்கும் அளவுப் பட்டியலில் உங்கள் நம்பர் அப்படியே, மூன்று பகுதியும் ஒத்து, இருக்கிறதா என்று தேடுங்கள். 21 அங்குலச் சக்கரம் உள்ள மாடல் ஒய்யில் முன்னால் 255/35, பின்னால் 275/35, எனக்கு நடந்தது அதிலும் நடக்கும். டயரை மாற்றியிருந்தால் பழைய ரசீதையோ கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ நம்ப வேண்டாம், இப்போது மாட்டியிருக்கும் டயரையே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டயருக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி. எலக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பெரிய சக்கரம், குட்டையான டயர், அதோடு காற்றைக் கிழித்துக்கொண்டு போய் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, சக்கரத்துக்கு மேலே உடம்போடு ஒட்டினமாதிரி செய்த வளைவு. அதனால் செயினுக்கு இடம் குறைவு. அமெரிக்காவில் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு இதை வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. க்ளாஸ் எஸ் என்றால் டயரின் மேற்பரப்புக்கு மேலே குறைந்தது 37 மில்லிமீட்டர், பக்கச் சுவரை ஒட்டி 15 மில்லிமீட்டர் இடம் இருந்தால் போதும். க்ளாஸ் யு கேட்பது 50ம் 23ம். க்ளாஸ் டபிள்யூ பெரிய வண்டிகளுக்கானது. பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களுக்கு க்ளாஸ் எஸ் தவிர வேறு எதையும் கையில் எடுக்கவே வேண்டாம்.

இதை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்டயரின் உள்பக்கம், சஸ்பென்ஷன் எங்கே டயரை மிக நெருங்கி வருகிறதோ அந்த இடத்தில் இரண்டு பென்சிலைச் சேர்த்துப் பிடித்து நுழைத்துப் பாருங்கள். சாதாரணப் பென்சில் ஒன்று சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்த 15. தாராளமாகப் போனால் நல்லது. சிக்கினால் உள்பக்கம் எதுவும் போகாத வகையைத் தேடுங்கள். அங்கேதான் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் வயரும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. தளர்ந்த செயின் ஒன்று சுழன்று அடித்தால் முதலில் அறுந்துபோவது அவைதான்.

வகைகளுக்கு வருவோம். கம்பிக் கயிற்றில் சிறு உருளைகள் கோத்து இசட் வடிவில் போகும் கேபிள் செயின் மெலிசு, லேசு, க்ளாஸ் எஸ்ஸில் நிறையக் கிடைக்கும், அவ்வப்போது டாஹோ போய் வருகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். இரும்பு வளையம் கோத்த செயின் பனியிலும் ஐஸிலும் கேபிளைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் தடிமன். கோனிக் மாதிரி நிறுவனங்கள் 7, 9, 12 என்று மில்லிமீட்டர் கணக்கில் விற்பதில் எண் சிறிதாக இருந்தால் டயரைச் சுற்றி அடைக்கும் இடம் குறைவு. டயரின் உள்பக்கம் எதுவுமே போகாமல், வெளியே சக்கர நட்டில் பிடித்துக்கொள்ளும் கே-சம்மிட் போன்றவையும் உண்டு. விலை எக்கச்சக்கம், ஆனால் பென்சில் நுழையாத கார்களுக்கு நல்ல வழி. வாங்கும்போது நட்டின் அளவைப் பாருங்கள், டெஸ்லாவுக்கு 21 மில்லிமீட்டர். துணியால் ஆன டயர் உறைகள் மாட்டச் சுலபம், ரிம்மில் கீறல் விழாது. ஆனால் பனி விலகிய தார் ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்து கிழியும், டாஹோ ரோட்டிலோ பனியும் தாரும் மாறி மாறி வரும். உறைதான் வேண்டும் என்றால் கலிபோர்னியாவில் செல்லும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"என் வண்டிதான் ஆல் வீல் டிரைவ் ஆச்சே, செயின் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் சாலைத் துறையான கால்டிரான்ஸ் செயின் கட்டுப்பாட்டுக்கு மூன்று நிலை வைத்திருக்கிறது. ஆர்-1ல் கார்களுக்குப் பனி டயரோ செயினோ இருந்தால் போதும். ஆர்-2 வந்தால் எல்லோரும் செயின் மாட்ட வேண்டும், நாலு சக்கரமும் இயங்கி நாலிலும் பனி டயர் இருக்கும் வண்டிக்கு மட்டும் விலக்கு, ஆனாலும் செயின் வண்டிக்குள் இருந்தாக வேண்டும். ஆர்-3ல் யாருக்கும் விலக்கு இல்லை, பெரும்பாலும் அதற்குள் சாலையையே மூடிவிடுவார்கள். பனி டயர் என்றால் பக்கச் சுவரில் எம்+எஸ் குறி இருக்க வேண்டும், டயரின் பள்ளம் ஓர் அங்குலத்தை முப்பத்திரண்டாகப் பிரித்ததில் ஆறு பங்கு, அதாவது 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, மிச்சம் இருக்க வேண்டும். எலக்ட்ரிக் கார் கனம், மாடல் ஒய்யே ஏறக்குறைய 2,000 கிலோ, டயர் சீக்கிரம் தேயும். அதனால் போன வருடம் சரியாக இருந்த டயர் இந்த வருடம் விலக்குக்குத் தகுதி இல்லாமல் போகலாம். சில பெர்ஃபாமன்ஸ் மாடல்கள் கோடை டயரோடு வருகின்றன, அவற்றோடு தயவுசெய்து மலையேறாதீர்கள். டாஹோ போகும் நெடுஞ்சாலைகள் ஏறும் உச்சியைப் பாருங்கள், ஐ-80ல் டானர் சம்மிட் 7,239 அடி, யூஎஸ்-50ல் எக்கோ சம்மிட் 7,382 அடி. கீழே சாக்ரமென்டோவில் வெயில் அடிக்கும்போதே மேலே பனி கொட்டும். கிளம்பும் முன் சாலை நிலவரம் காட்டும் கால்டிரான்ஸின் குவிக்மேப்பைப் பாருங்கள்.

செயின் வந்ததும் பெட்டியோடு டிக்கியில் போட்டுவிட வேண்டாம். வீட்டு வாசலில் ஒரு தடவை, பகலில், இரண்டு சக்கரத்துக்கும் மாட்டிப் பாருங்கள். முதலில் பிளாஸ்டிக் வீல் கவரைக் கழற்றிவிடுங்கள், டெஸ்லா மேனுவலும் ஏரோ கவரை எடுத்த பிறகே செயின் மாட்டச் சொல்கிறது. கேபிளைத் தரையில் விரித்து முறுக்கு எடுத்து, டயருக்குப் பின்னால் தள்ளி உள்பக்கக் கொக்கியை மாட்டி, முன்னால் இழுத்து வெளிப்பக்கக் கொக்கியை மாட்டி, ரப்பர் இழுவையைப் பூட்ட வேண்டும். அடியில் சிக்கிய பகுதியை வெளியே எடுக்க அரைச் சுற்று வண்டியை நகர்த்த வேண்டி வரும். இங்கே கவனம், எலக்ட்ரிக் கார் மிதியைத் தொட்டதும் சட்டென்று பாயும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையை எடுத்துவிட்டாரா என்று சத்தமாகக் கேட்டுவிட்டு நகர்த்துங்கள். மாட்டிய பிறகு வண்டியை மெதுவாக நகரவிட்டு, டக் டக் என்று உள்ளே எங்காவது அடிக்கிறதா என்று ஜன்னலைத் திறந்து கேளுங்கள். அடித்தால் அந்தச் செயின் உங்கள் வண்டிக்கு ஆகாது, சுத்தமாக இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மலையில் கை விறைத்து முடியவில்லை என்றால், செயின் மாட்டும் இடத்தில் கூலிக்கு மாட்டிவிடுபவர்கள் நிற்பார்கள். அவர்கள் கால்டிரான்ஸ் ஊழியர்கள் இல்லை, எண் போட்ட பேட்ஜ் இருக்கும், அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ரசீது வாங்குங்கள். செயின் விற்கவோ வாடகைக்கு விடவோ அவர்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே சரியான அளவு உங்கள் கையில் இருந்தால்தான் அவர்களாலும் உதவ முடியும்.

மாட்டி முடித்ததும் நூறு மீட்டர் போய் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். செயின் கட்டுப்பாடு உள்ள இடத்தில் வேகம் மணிக்கு 25 அல்லது 30 மைல்தான். வேகம் எடுப்பதை மென்மையாக்கும் முறை, டெஸ்லாவில் "சில்" (Chill) என்று இருப்பது, அதைப் போட்டுவிடுங்கள். மோட்டாரின் முழு இழுவையும் ஒரே நொடியில் சக்கரத்துக்கு வந்து, சக்கரம் பனியில் சுற்றினால் கேபிள் அறுந்துவிடும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக் பிடிப்பதும் பின்சக்கர வண்டியில் வளைவில் பின்பக்கத்தை இழுக்கும், குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கட்டுப்பாடு முடிந்தது என்ற பலகையைத் தாண்டி, ஒதுங்க இடம் வந்ததும் கழற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்பு போகக் கழுவி, காயவைத்து, அறுந்த இழை எதுவும் இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்துப் பையில் போடுங்கள்.